மிடில்டவுன் வழியே வந்த ‘சக்தி’

ஞாயிறு, நியூயார்க், கிரீனிச் வில்லேஜ்

ஜான் மெக்லாக்லின் என்னும் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் 1969-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து இந்த நகரத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 27. டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் தொடங்கிய ‘லைஃப்டைம்’ குழுவில் வாசிக்கத்தான் வந்தார். வந்த சில நாட்களுக்குள் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் ஒலிப்பதிவுக்கு அழைத்துக்கொண்டார். பிப்ரவரி 18 அன்று பதிவான ‘இன் எ சைலன்ட் வே’யிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் ப்ரூ’விலும் அவருடைய கிட்டார் ஒலிக்கிறது. பின்னதில் ஒரு பகுதிக்கு மைல்ஸ் வைத்த பெயரே ‘ஜான் மெக்லாக்லின்’ என்பதுதான். ஜாஸ் உலகில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய நுழைவுச்சீட்டு அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. அப்படி நுழைந்தவர் ஆறே ஆண்டுகளில், மின்சாரமும் டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் இல்லாமல், மூன்று தமிழ்நாட்டுக் கலைஞர்களுடனும் ஒரு மும்பைத் தபலாக்காரருடனும் ‘சக்தி’ என்ற குழுவாக மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார். அந்த ஆறு ஆண்டுகளின் வழியை நிலத்தின் மீது தொடர்ந்து பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்தை அமைத்துக்கொண்டேன்.

காலையில் செவன்த் அவென்யூவில் உள்ள வில்லேஜ் வான்கார்டின் சிவப்புக் கதவுக்கு எதிரே நின்றேன். 1935-இல் தொடங்கிய இந்த நிலவறை அரங்கில்தான் 1961 நவம்பரில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தம் குழுவுடன் பல இரவுகள் வாசித்தார். அப்போது பதிவான இசையில் ‘இந்தியா’ என்ற பெயருடைய ஒன்று உண்டு. அதில் சுருதிபோல ஒரே ஆதார ஒலி அடியில் நிற்க, சாக்ஸபோன் அதன்மீது மணிக்கணக்காகச் செல்ல முடியும் என்பதுபோல விரிந்துகொண்டே போகிறது. ஜாஸ் கலைஞர்களுக்கு இந்திய இசையின்மீது ஏற்பட்ட நாட்டத்தை மெக்லாக்லின் தொடங்கி வைக்கவில்லை. கோல்ட்ரேன் திறந்துவிட்ட வழியில் வந்தவர்களுள் அவரும் ஒருவர். கோல்ட்ரேன் தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார் என்பதை இங்கே குறித்துவைக்கத் தோன்றுகிறது.

பிளீக்கர் தெருவில் 1971 ஜூலையில் மெக்லாக்லினின் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ முதன்முதலாக மேடையேறிய ‘கேஸ்லைட்’ அரங்கு இப்போது இல்லை. அத்தெருவையும் சுற்றியுள்ள சந்துகளையும் நடந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இதே பகுதியின் ஓர் இந்திய உணவகத்தில் தபலா வாசித்துக்கொண்டிருந்த பாதல் ராயைத்தான் மெக்லாக்லின் அக்காலத்தில் கண்டுகொண்டு, ‘மை கோல்ஸ் பியாண்ட்’ என்ற 1971-ஆம் ஆண்டு இசைத்தட்டில் தம்முடன் வாசிக்க வைத்தார். அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் தம்புராவும் தபலாவும் உண்டு. அதை மறுபடி கேட்டபோது எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: அழகான இசைதான் என்றாலும், அதில் இந்தியா பின்னணியில்தான் இருக்கிறது. தம்புராவை எடுத்துவிட்டாலும் கிட்டார் தன் வழியில் ஏறத்தாழ அப்படியே செல்லும். அந்த நிலையிலிருந்து அவர் எப்படி வெளியேறினார் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

திங்கள், குவீன்ஸ்

ஜமைக்கா பகுதிக்குச் சுரங்க ரயிலில் போனேன். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு 1964-இல் அமெரிக்கா வந்த ஸ்ரீ சின்மய் இங்கேதான் தம் தியான மையத்தை நடத்தினார். 1970-இல் அவரிடம் சேர்ந்த மெக்லாக்லின், தலைமுடியைக் குறைத்து, வெள்ளை உடை உடுத்தி, குரு இட்ட ‘மகாவிஷ்ணு’ என்ற பெயரையே தம் குழுவுக்கும் வைத்தார். அக்குழுவின் முதல் காலம் 1973 வரை நீடித்தது. பில்லி கோபாம், யான் ஹாமர், ஜெர்ரி குட்மன், ரிக் லெயர்ட் ஆகியோருடன் அவர் வாசித்த இசை, செவியை அதிரவைக்கும் ஓசையும் மிகக் கடினமான தாளக் கணக்குகளும் கொண்டது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 18 எண்ணிக்கை கொண்ட சுழற்சியில் ஓடுகிறது. நம் மிருதங்கக் கலைஞர்களுக்கு அது சங்கீர்ணத்தின் (ஒன்பதின்) இரட்டிப்பு என்று உடனே பிடிபடும். ராக் இசைக்குப் பழகியவர்களோ அன்று திகைத்துப் போயிருப்பார்கள். ஆயினும் தாளம் கடினமாவதும் இந்தியத் தாளமாவதும் ஒன்றில்லை. எண்ணிக்கையைப் புத்தகத்திலிருந்தும் எடுக்கலாம். அந்த எண்ணிக்கைக்குள் மூச்சு விடுவதை ஒருவர் அருகில் அமர்ந்துதான் கற்க முடியும்.

குவீன்ஸில் எழுதத்தக்கது இவ்வளவே. நாளைக் காலை ரயில்.

செவ்வாய், மிடில்டவுன், கனெக்டிகட்

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து நியூ ஹேவன் வரை ரயிலில் வந்து, அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொண்டேன். கனெக்டிகட் ஆற்றின் கரையில் அமைந்த மிடில்டவுன் சிறிய ஊர். அகலமான ஒரு பிரதான வீதியும், அதன் மேற்கே மேட்டின்மீது 1831-இல் நிறுவப்பட்ட வெஸ்லியன் பல்கலைக்கழகமும்தான் ஊரின் பெரும்பகுதி. கர்நாடக இசையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் மயிலாப்பூரையும் தஞ்சாவூரையும் எழுதிவிட்டு, இந்த ஊருக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் இதுதான். வீணை தனம்மாளின் பேரனும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவருமான மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன் 1963-இல் இங்கே கற்பிக்க வந்தார். அவருடைய தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், தமக்கை பாலசரஸ்வதி, ராமநாதபுரம் கிருஷ்ணன், மிருதங்கம் ராமநாதபுரம் வி. ராகவன் என்று தமிழகத்தின் பெரும் கலைஞர்கள் பலர் அடுத்தடுத்து இந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். நம் சபைகளில் கச்சேரி செய்து பெயர் பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் ஹிக்கின்ஸ் இங்கே படித்தவர்தான். 1984 டிசம்பரில் இதே ஊரில் ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போனதில் அவர் இறந்தார். அவருடைய குரலில் ‘எந்தரோ மகானுபாவுலு’வைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், ஊருக்குள் கார் நுழைந்ததும் முதலில் அவரைத்தான் நினைத்தேன்.

மெக்லாக்லின் இங்கே வந்தது 1970-களின் தொடக்கத்தில், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்பதற்காக. ராமநாதன் விழுப்புரத்தை அடுத்த வளவனூரைச் சேர்ந்தவர். இசைக் கலைஞர், ஆய்வாளர், பலரை உருவாக்கிய ஆசிரியர். அவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் 1974-இல் பெற்ற முனைவர் பட்டம் சிலப்பதிகாரத்தில் உள்ள இசையைப் பற்றியது. எனவே, உலகின் மிக வேகமான கிட்டார் விரல்களுக்குச் சொந்தக்காரர் என்று அமெரிக்கா கொண்டாடிக்கொண்டிருந்த ஒருவர், அரங்கேற்று காதையின் இசைக் குறிப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு தமிழ் ஆசிரியரின் முன் வீணையைக் கிடத்தி அமர்ந்து சரளி வரிசை நிலையிலிருந்து தொடங்கியிருக்கிறார். எந்த இசை வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளுள் இது ஒன்று. புகழின் உச்சியில் இருப்பவர் தொடக்கநிலை மாணவராகத் தம்மை ஒப்புக்கொடுப்பது எளிதன்று.

புதன், மிடில்டவுன்

கலை மையத்தின் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் 1973-இல் திறக்கப்பட்டவை. மரங்களுக்கு இடையே தனித்தனிப் பெட்டிகளாக அவை நிற்கின்றன. உலக இசை அரங்கின் வெளிப்படிகளில், தஞ்சாவூரிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி தொடையில் தாளம் போட்டபடி சொற்கட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் பேசியதும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

“அக்கா, இங்கே மிருதங்கம் படிக்க வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் வாத்தியம் கொடுப்பதில்லை. முதலில் வாயால் சொல்லிக் கையால் தாளம் போட வரவேண்டும். அதற்குப் பிறகுதான் தோலைத் தொடுவது” என்றார்.

இந்த முறைதான் மெக்லாக்லினின் இசையில் நிகழ்ந்த மாற்றத்துக்குச் சாவி என்று எண்ணுகிறேன். ஜாஸ் கலைஞர் தனி ஆவர்த்தனம் போன்ற தம் பகுதியைப் பெரும்பாலும் கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வர அடுக்குகளின்) வரிசையை மனத்தில் வைத்தே கட்டுகிறார். ஒவ்வொரு கார்டும் மாறும்போது எந்த ஸ்வரங்கள் பொருந்தும் என்பதே அவருடைய கணக்கு. நம் கலைஞருக்கு அந்த மாறும் தளம் இல்லை. ஆதார ஷட்ஜம் அசையாமல் நிற்க, ராகத்தின் வழியும் தாளத்தின் கணக்கும் மட்டுமே துணை. கோர்வை என்னும் முடிவுக் கணக்கை எங்கே எடுத்தால் சமத்திலோ (தாளம் தொடங்கும் இடம்) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) வந்து சேரும் என்பதை அவர் உடம்பால் அறிந்திருக்கிறார். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையான கொன்னக்கோல் கற்ற பிறகு மெக்லாக்லினின் சொற்றொடர்கள் முடியும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள்: மூன்று முறை திரும்பி வந்து விழும் முடிவுகள், திஸ்ரத்துக்கு (மூன்றின் நடைக்கு) மாறி மீண்டும் சதுஸ்ரத்துக்கு (நான்கின் நடைக்கு) வரும் நடைகள். இவை தாளக் கலைஞருக்கு அவர் தரும் மரியாதை. அவர்களுடைய மொழியிலேயே வாக்கியத்தை முடிக்கிறார்.

இன்னொன்று கருவியைப் பற்றியது. வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மீது பதிக்கப்பட்டிருக்கும். மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே தந்திக்கு அடியில் வெளி இருப்பதால், விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரங்களைத் தொட முடிகிறது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நம் கமகம் பிறப்பது அந்த இழுப்பில்தான். கிட்டாரில் மெட்டுக் கம்பிகளுக்கு இடையே மரப்பலகை விரலுக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. இழுக்கும்போது விரல்நுனி மரத்தில் உரசுகிறது. மெக்லாக்லின் அந்த மரத்தை மெட்டுகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கச் செய்தார். அப்போது விரல் தந்தியை மட்டுமே தொடும். சிறிய விசைக்கும் ஸ்வரம் வளைந்து கொடுக்கும். கிப்சன் நிறுவனத்துக்காக வேலை செய்த கைவினைஞர் ஆபிரகாம் வெக்டர் அவருக்கென்று செய்த கிட்டாரில் இதனுடன் வேறொன்றும் உண்டு: வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளையின் குறுக்காகச் சாய்ந்து செல்லும் ஏழு தந்திகள். அவற்றை ராகத்துக்கு ஏற்பச் சுருதி சேர்த்துக்கொண்டு, வேண்டும்போது மீட்டிக்கொள்ளலாம். இடையிடையே மீட்டும் வழக்கத்தில் அவை வீணையின் பக்கத் தந்திகளை ஒத்தவை; தாமே அதிர்ந்து ஒலிப்பதில் சிதாரின் தரபுகள் என்னும் அடித் தந்திகளுக்கு நெருக்கமானவை.

இவ்வளவு செய்தும் வீணையின் கமகம் கிட்டாரில் முழுமையாக வந்துவிட்டதா என்றால், வரவில்லை என்பதே என் கருத்து. சில ஆண்டுகள் வீணை கற்ற என் செவிக்கு அவருடைய காந்தாரம் இன்னும் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் அவர் வீணையைப் போலி செய்ய முயலவில்லை. தம் கருவி எதைச் சொல்ல முடியாமல் தடுத்ததோ அந்தத் தடையை அறிந்து, மரத்தைச் செதுக்கி நீக்கினார். பின்னணியில் தம்புரா வைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

இந்த ஊரில் அவருக்குக் கிடைத்த மற்றொரு செல்வம் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த வயலின் குடும்பத்தின் பிள்ளை அவர், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. கர்நாடக வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலையைப் பற்றி ஆராய்ந்து 1974-இல் இங்கேதான் முனைவர் பட்டம் பெற்றார். பக்கவாத்தியத்தின் நுட்பம் இன்னதென்று ஆய்வே செய்த ஒருவர் அருகில் இருந்ததால்தான், பிற்பாடு கிட்டாரும் வயலினும் ஒன்றை ஒன்று மறைக்காமல் ஒரே கோட்டில் பறக்க முடிந்தது என்று தோன்றுகிறது.

வியாழன், பிரிட்ஜ்போர்ட் – டிக்ஸ் ஹில்ஸ்

பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து காரோடு படகில் ஏறி, லாங் ஐலண்ட் கடல் இடைகழியைக் கடந்து போர்ட் ஜெபர்சனில் இறங்கினேன். அங்கிருந்து தென்மேற்கே டிக்ஸ் ஹில்ஸ். கோல்ட்ரேன் 1964 முதல் 1967-இல் இறக்கும் வரை வாழ்ந்த செங்கல் வீடு இங்கே மரங்கள் சூழ்ந்த அமைதியான குடியிருப்புத் தெருவில் உள்ளது. இடிபடும் நிலையிலிருந்து ஊரார் காப்பாற்றிய அந்த வீட்டை நினைவில்லமாக்கும் பணி நடந்துவருகிறது. வெளியிலிருந்து மட்டுமே பார்த்தேன்.

இந்த வீட்டின் மாடியறையில் எழுதப்பட்டதே ‘எ லவ் சுப்ரீம்’. இறைவனுக்குக் காணிக்கையாக ஒரு ஜாஸ் தட்டு வரலாம் என்பதை மெக்லாக்லினின் தலைமுறைக்குக் காட்டியது அதுதான். அவரும், சின்மயின் மற்றொரு சீடராக இருந்த கார்லோஸ் சந்தானாவும் சேர்ந்து 1973-இல் வெளியிட்ட தட்டில் அதன் ஒரு பகுதியை வாசித்திருக்கிறார்கள். பக்தியே இசைக்கு அடிப்படை என்பது தியாகராஜரின் கீர்த்தனைகளில் வளர்ந்த நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் டான்காஸ்டர் அருகே பிறந்து, வயலின் வாசித்த தாயிடமிருந்து மேற்கத்திய இசையையும், அண்ணன்மாரிடமிருந்து கைக்கு வந்த கிட்டாரில் புளூஸையும் கற்ற ஓர் இளைஞருக்கு அது கோல்ட்ரேன் வழியாக வந்து சேர்ந்தது.

வெள்ளி, சவுத்தாம்ப்டன்

தீவின் கிழக்குக் கோடியை நோக்கி நிலம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. ஷின்னகாக் மேடுகளில், பழைய காற்றாலை ஒன்று நிற்கும் இந்த வளாகம் 1975-இல் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியாக இருந்தது. இப்போது ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1975 ஜூலை 5 அன்று இங்கே நடந்த கச்சேரியே ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டாக மறு ஆண்டு வெளிவந்தது. கிட்டார் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். ஐவருள் இருவர் மிடில்டவுனில் கற்பித்தோ கற்றோ வந்தவர்கள், மூன்றாமவர் அங்கே வீணை கற்ற மாணவர் என்பதை இந்தப் புல்வெளியில் நின்று எண்ணிப் பார்த்தபோது, என் பயணத்தின் வழி தவறானதில்லை என்று மகிழ்ந்தேன்.

சக்தியை எல்லாரும் கிழக்கும் மேற்கும் கலந்த இசை என்றே சொல்கிறார்கள். அதைவிட அரிய ஒரு சந்திப்பு அதற்குள் நடந்தது: வடக்கும் தெற்கும். அல்லா ரக்காவின் மகனும் பஞ்சாப் கரானா என்னும் தபலா மரபின் வாரிசுமான ஜாகிர், கடத்தோடும் மிருதங்கத்தோடும் அமர்ந்தார். இந்துஸ்தானியில் தபலா, தேகா என்னும் அடிப்படைச் சொற்களைத் தொடர்ந்து வாசித்துத் தாளத்தின் வடிவத்தைத் தாங்குகிறது. கர்நாடகத்தில் தாளம் கையில் இருக்க, மிருதங்கமும் கடமும் பாட்டோடு சேர்ந்தே செல்கின்றன. இவ்விரு வழக்கங்களும் ஒரே மேடையில் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் இருக்க, இரு தரப்பினருமே தம் பழக்கத்தை விட்டுக்கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ‘ஜாய்’ என்ற 18 நிமிடப் பகுதியில் ஐவரும் சேர்ந்து விழும் முடிவுகளைக் கேட்டால், எத்தனை ஒத்திகை அதற்குப் பின்னால் இருக்கும் என்று விளங்கும். ஒரு வெள்ளையர் தலைமை தாங்கியதால் இது நடந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மெக்லாக்லின் இரு மரபுக்கும் வெளியாள் என்பதால், எது மேல் என்ற பழைய வழக்கு அந்த மேடையில் எழ இடமில்லாமல் போனது. அவருடைய பங்களிப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இடியோசைக்காக வந்த மகாவிஷ்ணு ரசிகர்கள் பலர் இந்த மென்மையான ஒலியைப் பின்தொடரவில்லை. மூன்று தட்டுகளோடு 1970-களின் இறுதியில் குழு கலைந்தது.

சனி, மீண்டும் நியூயார்க்

அறையில் அமர்ந்து மூன்று தட்டுகளையும் வரிசையாகக் கேட்டேன். இரண்டாவதான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ கொன்னக்கோலோடு தொடங்குகிறது. அமெரிக்கக் கடைகளில் ராக் தட்டுகளின் அருகே விற்ற ஒரு தட்டின் முதல் ஒலி தாளச் சொற்களாக இருந்ததை எண்ண இப்போதும் பெருமிதம் உண்டாகிறது. மூன்றாவதான ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பகுதிகள் குறுகிவிட்டன, கற்பனைக்கு இடம் குறைந்துவிட்டது. முதல் தட்டின் ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனாலும் அதில் அவசரம் இல்லை.

பிறகு அவர் பாகோ டி லூசியா, அல் டி மியோலா ஆகியோருடன் ஸ்பானியக் கிட்டாரின் பக்கம் போனதும், திரிலோக் குர்டுவுடன் மூவர் குழு அமைத்ததும் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1997-இல் ‘ரிமெம்பர் சக்தி’யாகத் திரும்பி வந்தபோது, மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷும் பின்னர் இணைந்தார்கள். அப்போது மெக்லாக்லின் கையில் இருந்தது மின்கிட்டார். குழிவாகச் செதுக்கிய அந்தப் பழைய கிட்டாரின் துணை இல்லாமலே கமகத்தின் சாயலைக் கொண்டுவந்தார். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் மறைந்தார். செல்வகணேஷுடன் சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் இடம்பெற்ற ‘திஸ் மொமென்ட்’ என்ற சக்தியின் இசைத்தட்டு 2023-இல் வெளிவந்து, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

தந்தை விநாயக்ராமோடு 33 வயதில் மேடையேறிய மெக்லாக்லின், மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் காணொளிப் பாடம் ஒன்றையும் வெளியிட்டிருக்கிறார். ‘தி கேட்வே டு ரிதம்’ என்பது அதன் பெயர். என் தங்கை மகன் சென்னையில் கிட்டார் வகுப்புக்குப் போகிறான். கார்டுகளை ஓரளவு பிடித்துவிட்டான். கிட்டாரை ஒரு மாதம் ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பாடத்தோடு ஆதி தாளத்தைக் கையில் போட்டபடி வாயால் சொல்லிப் பழகுமாறு இன்றிரவு அவனுக்கு எழுதியிருக்கிறேன்.